மருந்திட்ட வலைக்கும் சாகாத மலேரியா கொசு: மரபணுவைப் பார்த்து எவ்வளவு சொல்ல முடியும்?

நீங்கள் கேட்டது இது: "ஆப்பிரிக்காவில் பூச்சிக்கொல்லி தோய்த்த வலை மேல் உட்கார்ந்தும் மலேரியா கொசுக்கள் சாவதில்லை என்று படித்தேன். கொசு மருந்துக்குப் பழகிப்போகிறதா? காரணமான மரபணுவைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்றால், நாலு கொசுவைப் பிடித்து டிஎன்ஏ சோதனை செய்து எந்த ஊருக்கு எந்த மருந்து என்று சொல்லிவிடலாமே? நம் பக்கத்துக் கொசுக்களும் இப்படித்தானா?" இதில் முதல் கேள்விக்கு உறுதியான பதில் இருக்கிறது. கடைசிக் கேள்விக்குக் கொஞ்சம் சொன்னால் போதும். நடுவில் இருக்கும் சோதனை பற்றிய கேள்விதான் நீங்கள் உண்மையில் கேட்க வந்தது என்று எடுத்துக்கொள்கிறேன். களத்தில் பிடித்த கொசுக்களின் மரபணுத் தரவுகளை அலசுவது என் வேலை. வலை விநியோகமோ வீட்டுச் சுவரில் மருந்தடிப்பதோ நான் நேரில் செய்தவையல்ல. அவற்றைப் பற்றிச் சொல்வதெல்லாம் வெளியான ஆய்வுகளை நம்பித்தான்.

பழக்கம் என்பதை முதலில் தள்ளிவிடுவோம். ஒரு தனிக் கொசு மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுத் தேறிவிடுவதில்லை. பெண் கொசுவின் ஆயுள் சில வாரங்கள். வலையில் உட்காரும்போது அது சாகும், இல்லையென்றால் பிறக்கும்போதே கொண்டுவந்த ஏதோ ஒன்றின் தயவால் பிழைக்கும். பிழைத்தது ஒரு தடவைக்கு 50 முதல் 200 முட்டை வரை இடும். பிழைக்கவைத்த மரபணு வடிவமும் அந்த முட்டைகளோடு போகும். வெப்பமான, ஈரமான இடங்களில் முட்டையிலிருந்து அடுத்த முட்டைக்கு இரண்டு மூன்று வாரம் போதும் என்பதால், ஆண்டுக்குப் பத்துத் தலைமுறை சாதாரணமாக ஓடும். நாம் ஒரு திட்டத்தை எழுதி, ஒப்புதல் வாங்கி, வலையைக் கிராமத்துக்குக் கொண்டுசேர்ப்பதற்குள் அந்தக் கிராமத்துக் கொசுக்கூட்டம் பல தலைமுறை கடந்திருக்கும்.

பிழைக்கவைக்கும் வடிவம் முதலில் எங்கிருந்து வருகிறது என்றால், டிஎன்ஏ நகலாகும்போது நேரும் எழுத்துப் பிழையிலிருந்து. மருந்து அந்தப் பிழையை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே கூட்டத்தில் கிடப்பதைப் பொறுக்கி எடுக்கிறது. கொசுக்கூட்டத்தில் அப்படிக் கிடப்பது கொஞ்சநஞ்சமல்ல. ஆப்பிரிக்காவின் முதன்மையான மலேரியா கடத்தியான அனாபிலிஸ் காம்பியேயின் ஜீனோமில், அதாவது அதன் முழு டிஎன்ஏ தொகுப்பில், சுமார் 27 கோடி எழுத்துகள். 'அனாபிலிஸ் காம்பியே 1000 ஜீனோம்கள்' என்ற பன்னாட்டுத் திட்டம் 2017இல் தன் முதல் கட்ட முடிவுகளை வெளியிட்டது. 8 ஆப்பிரிக்க நாடுகளில் 15 இடங்களில் பிடித்த 765 கொசுக்களை முழுக்கப் படித்துப் பார்த்ததில், 5 கோடியே 20 லட்சத்துக்கும் அதிகமான இடங்களில் எழுத்து வேறுபட்டிருந்தது. நம்பிப் படிக்க முடிந்த பகுதியில் சராசரியாக 2.2 எழுத்துக்கு ஒரு வேறுபாடு. இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்கள் இந்த எண்ணைப் பார்த்ததும் கணக்கில் ஏதோ தவறு என்றுதான் முதலில் சந்தேகப்படுவார்கள். தவறில்லை. இவ்வளவு பெரிய கூட்டத்தில், இவ்வளவு வேறுபாட்டுக்கு நடுவில், தேவையான ஒற்றை எழுத்துப் பிழை எங்கோ ஓரிடத்தில் எப்போதோ தோன்றியிருக்கும் என்று எதிர்பார்ப்பதுதான் நியாயம்.

இதில் ஐயத்துக்கு இடமில்லாமல் தெரிந்திருப்பது கேடிஆர் (knockdown resistance, மருந்து பட்டும் துவண்டு விழாமை) என்று அழைக்கப்படும் மாற்றம். வலைகளில் தோய்ப்பவை பெரும்பாலும் பைரித்ராய்டு வகை மருந்துகள்: பெர்மெத்ரின், டெல்டாமெத்ரின், ஆல்ஃபா-சைபர்மெத்ரின். கொசுவின் நரம்பணுச் சவ்வில் சோடியம் அயனிகளை உள்ளே விடும் புரத வாயில் ஒன்று உண்டு. சைகை ஓடும் கணத்தில் திறக்கும், உடனே மூடிக்கொள்ளும். பைரித்ராய்டு கதவிடுக்கில் ஆப்பு வைத்தது போல அதில் உட்கார்ந்து மூடவிடாமல் செய்கிறது. நரம்பு ஓயாமல் துடிக்க, கொசு துவண்டு விழுகிறது. டிடிடி வேலை செய்வதும் இதே வாயிலில்தான். இந்தப் புரதத்தின் 1014ஆம் இடத்தில் லியூசின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும். (1014 என்பது வீட்டு ஈயின் புரதத்தை வைத்து எண்ணுவது. அனாபிலிஸின் சொந்தக் கணக்கில் அது 995. இரண்டு எண்ணையும் கட்டுரைகளில் பார்த்துக் குழம்பாதீர்கள்.) அதற்கான மூன்று எழுத்துகளில் கடைசி எழுத்து மாறினால் அங்கே ஃபினைல்அலனின் வரும், நடு எழுத்து மாறினால் செரின் வரும். எது வந்தாலும் மருந்து பழையபடி பிடிப்பதில்லை, வாயிலோ கிட்டத்தட்ட வழக்கம்போல் வேலை செய்கிறது. முதல் வகையை மேற்கு ஆப்பிரிக்கக் கொசுக்களில் 1998இலும், இரண்டாவதைக் கென்யக் கொசுக்களில் 2000இலும் அடையாளம் கண்டார்கள். டிடிடி, பைரித்ராய்டு இரண்டையும் ஒரே மாற்றம் முறியடிப்பதால், ஒன்று தோற்றால் மற்றதற்கு மாறலாம் என்ற வழி இங்கே பெரும்பாலும் அடைபட்டுப்போகிறது.

இந்த மாற்றத்தை வளர்த்துவிட்டது கொசுவலைதான் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதிக் கதை. மேற்கு ஆப்பிரிக்காவில் பைரித்ராய்டு எதிர்ப்பு முதலில் தெரியவந்த இடங்களில் ஒன்று ஐவரி கோஸ்ட்டின் புவாக்கே வட்டாரம், 1990களின் தொடக்கத்தில். வலைகள் பெரிய அளவில் வருவதற்கு வெகு முன்பே அங்கே பருத்திக்குப் பைரித்ராய்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். வயலில் அடித்த மருந்து பக்கத்துக் குட்டையில் வழிந்தால் அதில் வளரும் கொசுப்புழுக்களுக்கும் பங்கு கிடைக்கும். அதற்கும் முன்னால் 1950களிலும் 60களிலும் டிடிடி அடித்த வரலாறு இருக்கிறது. 2000க்குப் பிறகு கோடிக்கணக்கான வலைகள் வந்து வீட்டுக்குள்ளேயே தேர்வு அழுத்தத்தைக் கொண்டுபோய் வைத்தன. எந்த ஊரில் எதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். அப்படிப் பிரித்துச் சதவீதம் போட்டுச் சொல்பவரைக் கண்டால் நான் கொஞ்சம் எச்சரிக்கையாகிவிடுவேன்.

கேடிஆர் எங்கோ ஓரிடத்தில் தோன்றி அங்கிருந்து கண்டம் முழுக்கப் பரவியதா, பல இடங்களில் தனித்தனியாகத் தோன்றியதா? மரபணுத் தரவு தெளிவாகத் தீர்த்துவைத்த கேள்விகளில் இது ஒன்று. ஒரு மாற்றம் தோன்றும்போது அது ஒரு குறிப்பிட்ட கொசுவின் குரோமோசோமில் தோன்றுகிறது. அந்தக் குரோமோசோமில் அதன் இருபுறமும் இருந்த மற்ற எழுத்து வேறுபாடுகள் அதோடு ஒட்டிக்கொண்டு அடுத்த தலைமுறைக்குப் போகும். தலைமுறைகள் செல்லச் செல்ல மரபுக் கலப்பு அந்த ஒட்டை ஓரங்களிலிருந்து அறுத்துக்கொண்டே வரும். மாற்றம் வேகமாகப் பரவியிருந்தால் அறுபடுவதற்கு நேரம் இருந்திருக்காது, நீண்ட துண்டு அப்படியே நிற்கும். ஆக, எதிர்ப்புள்ள கொசுக்களில் இந்த மரபணுவைச் சுற்றியுள்ள துண்டுகளை ஒப்பிட்டால் எவை ஒரே மூதாதையிலிருந்து வந்தவை, எவை வேறு என்று தெரிந்துவிடும். 2017 ஆய்வில் ஃபினைல்அலனின் வகைக்கு ஐந்து, செரின் வகைக்கு ஐந்து, ஆகக் குறைந்தது பத்துத் தனித்தனிப் பரவல்கள் தெரிந்தன. அவற்றில் ஒன்று மேற்கு ஆப்பிரிக்காவின் பல நாடுகளிலும், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி அங்கோலாவிலும் ஒரே அச்சாகக் கிடைத்தது. தோன்றுவதும் பலமுறை நடக்கிறது, தோன்றியது வெகுதூரம் போகவும் செய்கிறது.

போகும் வழி இன எல்லையையும் தாண்டுகிறது. அனாபிலிஸ் காம்பியேயும் அதன் நெருங்கிய உறவான அனாபிலிஸ் கொலுசியும் இன்று இரண்டு தனி இனங்களாக எண்ணப்படுகின்றன. 2013 வரை ஒரே இனத்தின் இரண்டு வடிவங்கள் என்றுதான் சொன்னோம். அவை அரிதாகவே கலக்கின்றன. மேற்கு ஆப்பிரிக்காவில் ஃபினைல்அலனின் வகை முதலில் காம்பியேயில்தான் பெருகியிருந்தது, கொலுசியில் இல்லை. பிறகு கலப்பின வழியாக அந்தத் துண்டு கொலுசிக்குள் நுழைந்தது. மாலியில் இது வலைகள் பெருகிய 2000களின் நடுப்பகுதியில் நடந்ததை, சேமித்து வைத்திருந்த பழைய கொசுக்களின் டிஎன்ஏவிலிருந்தே பார்க்க முடிந்தது. சாதாரணக் காலத்தில் நிலைக்காமல் போகும் கலப்பினக் கொசு, மருந்து இருக்கும் வீட்டில் பிழைத்துக்கொள்கிறது.

இனிச் சிக்கலான பகுதி. கேடிஆர் மட்டும்தான் காரணம் என்றால் உங்கள் டிஎன்ஏ சோதனை யோசனை அழகாக வேலை செய்திருக்கும். ஆனால் மேற்கு ஆப்பிரிக்காவின் பல இடங்களில் காம்பியேயில் இந்த மாற்றம் ஏறத்தாழ எல்லாக் கொசுக்களிலும் வந்துவிட்டது. எல்லாரிடமும் இருக்கும் ஒன்றை வைத்து யார் பிழைப்பார், யார் சாவார் என்று பிரிக்க முடியாது. அதே ஊரில், கேடிஆர் இருக்கும் கொசுக்களிலேயே சில வலையில் சாகின்றன, சில பத்து மடங்கு மருந்துக்கும் நிற்கின்றன. வித்தியாசம் வேறெங்கோ இருக்கிறது. அதில் பெரும்பங்கு மருந்தைச் சிதைக்கும் நொதிகளுடையது.

இதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான உதாரணம் தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணம். அங்கே பல பத்தாண்டுகளாக வீட்டுச் சுவர்களில் டிடிடி அடித்து மலேரியாவை அடக்கிவைத்திருந்தார்கள். அனாபிலிஸ் ஃபுனெஸ்டஸ் என்ற வீட்டுக்குள் வாழும் கொசு அங்கிருந்து ஒழிந்தே போயிருந்தது. சூழலை முன்னிட்டு 1996இல் டிடிடியை நிறுத்திப் பைரித்ராய்டுக்கு மாறினார்கள். 1999இல் மொசாம்பிக் எல்லையை ஒட்டிய ந்டுமோ பகுதியில், மருந்தடித்த வீடுகளுக்குள்ளேயே ஃபுனெஸ்டஸ் உயிரோடு கிடைத்தது. சோதித்தால் பைரித்ராய்டுக்கு எதிர்ப்பு, டிடிடிக்குச் சாகிறது. 2000இல் தென்னாப்பிரிக்காவில் மலேரியா 60,000 பேருக்கு மேல் தாக்கியது. அந்த ஆண்டே டிடிடியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், நோய் சரிந்தது. இதை அப்படியே எடுத்துக்கொண்டு எதிர்ப்புத்திறனால் மலேரியா வந்தது, டிடிடியால் போனது என்று எழுதுபவர்கள் ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். அதே காலத்தில் அங்கே நோயாளிகளுக்குக் கொடுத்துவந்த சல்ஃபடாக்சின்-பைரிமெத்தமின் மாத்திரையும் ஒட்டுண்ணியிடம் தோற்றுக்கொண்டிருந்தது, 2001இல் அதற்குப் பதிலாக ஆர்ட்டிமிசினின் கூட்டு மருந்து வந்தது. பக்கத்து நாடுகளோடு சேர்ந்து தெற்கு மொசாம்பிக்கிலும் மருந்தடித்தார்கள். கொசுவின் எதிர்ப்பு காரணங்களில் ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. அது எத்தனை பங்கு என்று யாராலும் திருப்பிப் பார்த்துச் சொல்ல முடியாது.

மரபணுப் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்தக் கதையின் சுவையே வேறு. பைரித்ராய்டுக்கு நிற்கும் கொசு டிடிடிக்குச் சாகிறது என்றால் சோடியம் வாயில் மாறவில்லை என்று பொருள். சைட்டோகுரோம் பி450 என்ற நொதிக் குடும்பத்தின் வேலை இது. நம் கல்லீரலில் மாத்திரைகளைச் சிதைக்கும் நொதிகளும் இதே குடும்பம்தான். தெற்கு ஆப்பிரிக்க ஃபுனெஸ்டஸில் சிஒய்பி6பி9ஏ, சிஒய்பி6பி9பி என்ற இரட்டை மரபணுக்கள் அளவுக்கு மீறி வேலை செய்து பைரித்ராய்டை உடைத்துப்போடுகின்றன. அளவுக்கு மீறி என்பதைக் கவனியுங்கள். இங்கே நொதி நன்றாக உடைக்கும்படி மாறியதோடு நிற்கவில்லை. மரபணுவுக்கு முன்னால் இருக்கும், எப்போது எவ்வளவு உற்பத்தி என்று ஆணையிடும் பகுதியும் மாறியிருக்கிறது. அந்தப் பகுதியில் உள்ள மாற்றத்தைக் கண்டுபிடித்து, எளிய பிசிஆர் சோதனையாக ஆக்கி 2019இல் வெளியிட்டார்கள். 2002இல் பிடித்துச் சேமித்த கொசுக்களையும், வலைகள் பரவியபின் பிடித்தவற்றையும் ஒப்பிட்டபோது, இந்த இடத்தைச் சுற்றிப் பழைய வேறுபாடுகள் துடைத்தெடுக்கப்பட்டு ஒரே வடிவம் நிறைந்திருந்தது.

காம்பியேயில் இதே குடும்பம் இன்னும் பல தந்திரங்கள் செய்கிறது. சில கொசுக்களில் ஒரு மரபணு ஒன்றுக்கு இரண்டு மூன்று பிரதிகளாக நகலாகி நிற்கிறது; பிரதி கூடினால் நொதியும் கூடும். இப்படிப் பிரதி பெருகியவை ஜீனோமில் அங்குமிங்கும் சிதறிக் கிடக்காமல், மருந்தைச் சிதைக்கும் மரபணுக் கொத்துகளில்தான் அதிகம் குவிந்திருக்கின்றன என்பது 2019இல் தெரியவந்தது. தற்செயல் என்றால் அப்படிக் குவிந்திருக்காது. உகாண்டா, கென்யா பக்கத்தில் மூன்று மாற்றங்கள் ஒரே துண்டில் சேர்ந்து பரவியிருக்கின்றன: சிஒய்பி6பி4 என்ற நொதியில் ஒரு எழுத்து மாற்றம், அதன் அருகே வந்து செருகிக்கொண்ட ஒரு தாவும் டிஎன்ஏ, பக்கத்தில் சிஒய்பி6ஏஏ1இன் கூடுதல் பிரதி. ஒவ்வொன்றாக வந்து சேர்ந்து, சேர்ந்தபின் ஒன்றாகவே பயணிக்கின்றன. இவை தவிர, காலில் மருந்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் ஒரு புரதம், மருந்து உள்ளே இறங்காதபடி தடித்த மேல்தோல் என்று வேறு வழிகளும் ஆய்வகத்தில் காட்டப்பட்டிருக்கின்றன. அவை உண்மை. ஆனால் இயற்கையில் உள்ள கூட்டங்களில் அவற்றின் எடை எவ்வளவு என்பது கேடிஆர் அளவுக்கு உறுதிப்படவில்லை. கட்டுரைத் தலைப்புகளைப் பார்த்தால் அப்படித் தெரியாது.

மருந்தை நிறுத்தினால் எதிர்ப்பு தானே மறையுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். மரபணுவைப் பொறுத்தது. ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் மருந்துகளை முறியடிக்கும் ஏஸ்-1 மாற்றம் கொசுவுக்குச் செலவு வைக்கும் மாற்றம். நரம்புச் சைகையைத் துடைக்கும் நொதியே பழுதாவதால், இரண்டு பிரதியும் எதிர்ப்பு வடிவமாக உள்ள கொசுக்கள் கூட்டுப்புழுப் பருவத்திலேயே அதிகம் சாகின்றன. மருந்து இல்லையென்றால் அவை தோற்கும். இதுவரை நல்ல செய்தி. ஆனால் மேற்கு ஆப்பிரிக்கக் கொசுக்களில் இந்த மரபணு நகலாகி, ஒரே குரோமோசோமில் பழைய வடிவமும் எதிர்ப்பு வடிவமும் அடுத்தடுத்து நிற்கத் தொடங்கிவிட்டன. பழையது நரம்பைப் பார்த்துக்கொள்கிறது, புதியது மருந்தைப் பார்த்துக்கொள்கிறது. சுவரில் அடிக்கும் பிரிமிஃபோஸ்-மெத்தில் என்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்துக்கான எதிர்ப்பு இந்த இரட்டிப்பு வழியாகவும், இனம்விட்டு இனம் தாவியும் பரவுகிறது. டைல்ட்ரின் கதை இதைவிட ஆச்சரியம். அந்த மருந்தைக் கைவிட்டுப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. அதற்கான ஆர்டிஎல் மாற்றம் இன்னும் கொசுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இப்போது உங்கள் சோதனைக்கு வருகிறேன். டிஎன்ஏவில் ஒரு மாற்றத்தைப் பார்ப்பதற்கும், குழந்தைக்குக் காய்ச்சல் வருவதற்கும் நடுவில் பல படிகள் இருக்கின்றன. முதல் படி, அந்த மாற்றம் உள்ள கொசு மருந்துக்குப் பிழைக்குமா என்பது. இதை உலக சுகாதார நிறுவனத்தின் குழாய்ச் சோதனையில் பார்க்கிறோம்: மூன்று முதல் ஐந்து நாள் வயதுள்ள, இரத்தம் குடிக்காத பெண் கொசுக்களை மருந்துத் தாள் ஒட்டிய குழாயில் ஒரு மணி நேரம் வைத்து, 24 மணி நேரம் கழித்துச் செத்தவற்றை எண்ணுவது. 98 சதவீதத்துக்கு மேல் செத்தால் மருந்து பலிக்கிறது, 90க்குக் கீழே போனால் எதிர்ப்பு உறுதி. ஆனால் மலேரியாவைக் கடத்துவது இளம் கொசு அல்ல. கொசு குடித்த ஒட்டுண்ணி அதன் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்துசேரப் பத்து நாளுக்கு மேல் ஆகும், கிழக்கொசுதான் ஆபத்தானது. எதிர்ப்புள்ள கொசுக்களும் வயதாக ஆக மருந்துக்கு அதிகம் சாகின்றன என்று ஆய்வகங்களில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். உடனே சாகாமல் தப்பியதும், மருந்து பட்ட காரணத்தால் சில நாள் முன்னதாகவே செத்துவிடலாம். ஒட்டுண்ணி முதிர்வதற்குள் செத்தால் நமக்கு அதுவே போதும், ஆனால் 24 மணி நேரக் கணக்கில் அது பிழைத்த கொசு.

அடுத்த படி இன்னும் வழுக்கும். எதிர்ப்பு கூடிய ஊரில் வலை பயனற்றுப்போகிறதா? உலக சுகாதார நிறுவனம் ஒருங்கிணைத்து பெனின், கேமரூன், இந்தியா, கென்யா, சூடான் ஆகிய ஐந்து நாடுகளில் நடந்த பெரிய ஆய்வு 2018இல் வெளிவந்தது. எதிர்ப்பு அதிகமுள்ள இடம், குறைந்த இடம் என்று பார்க்காமல் வலைக்குள் தூங்கியவர்களுக்கு நோய் குறைவாகவே இருந்தது. எதிர்ப்பின் அளவுக்கும் நோயின் அளவுக்கும் தெளிவான தொடர்பு கிடைக்கவில்லை. இதைக் காட்டி எதிர்ப்புத்திறன் ஒரு பெரிய பிரச்சினையே அல்ல என்று வாதிட்டவர்கள் உண்டு. நான் அப்படிப் படிக்க மாட்டேன். கிழியாத வலை மருந்தில்லாமலும் தடுப்புதான். ஒப்பிட்ட ஊர்களில் எதிர்ப்பே இல்லாத ஊர் என்று ஒன்று கிடைப்பதும் அரிது. வலை இன்னும் காக்கிறது என்பதும், முன்பு காத்த அளவுக்குக் காக்கிறதா என்பதும் வேறு வேறு கேள்விகள்.

இரண்டாவது கேள்விக்கு நேரடியான விடை வேறு விதமான ஆய்விலிருந்து வந்தது. எதிர்ப்பை உடைக்கும் பொருளை வலையில் சேர்த்துப் பார். நோய் குறைந்தால் எதிர்ப்பு நோயைக் கூட்டியிருந்தது என்று பொருள். தான்சானியாவின் முலேபா மாவட்டத்தில், பி450 நொதிகளை முடக்கும் பிபிஓ என்ற பொருளைப் பைரித்ராய்டோடு சேர்த்த வலைகளைக் கொடுத்தபோது பிள்ளைகளிடையே மலேரியா, வெறும் பைரித்ராய்டு வலைகள் கொடுத்த ஊர்களைவிடக் குறைந்தது. 2018இல் வந்த முடிவு இது. அதே நாட்டின் மிசுங்வியில் நடந்து 2022இல் வெளியான ஆய்வில் குளோர்ஃபெனாபிர் சேர்த்த வலை இன்னும் நன்றாக நின்றது: இரண்டு ஆண்டு முடிவில் சாதாரண வலை கொடுத்த ஊர்களில் 45.8 சதவீதப் பிள்ளைகளிடம் மலேரியா ஒட்டுண்ணி, இந்த வலை கொடுத்த ஊர்களில் 25.6 சதவீதம். பிபிஓ வலையின் கூடுதல் பயன் அதற்குள் தேய்ந்துபோயிருந்தது. பெனினிலும் குளோர்ஃபெனாபிர் வலை முன்னின்றது. 2023இல் உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைத்தது. குளோர்ஃபெனாபிர் தாக்குமிடம் நரம்பு அல்ல, செல்லுக்குள் ஆற்றல் உண்டாகும் இடம். அதைவிட முக்கியமாக, அது உள்ளே போகும்போது பாதி மருந்துதான். கொசுவின் பி450 நொதிகள் அதைச் சிதைக்கப்போய் முழு நஞ்சாக்கிவிடுகின்றன. பைரித்ராய்டிலிருந்து கொசுவைக் காப்பாற்றும் அதே நொதி இங்கே அதைக் கொல்ல உதவலாம். எந்த பி450 எந்த அளவுக்கு என்பது இன்னும் ஒவ்வொன்றாகத்தான் வெளிவருகிறது.

ஆகவே டிஎன்ஏ சோதனையால் என்ன பயன் என்றால், சில இடங்களில் நேரடிப் பயன் உண்டு. தெற்கு ஆப்பிரிக்காவில் ஃபுனெஸ்டஸ் கடிக்கும் ஊரில் சிஒய்பி6பி9ஏ நிறைந்திருந்தால், பிபிஓ இல்லாத பைரித்ராய்டு வலையை அங்கே அனுப்பாதீர்கள் என்று தயங்காமல் சொல்வேன். ஏஸ்-1 ஏறிக்கொண்டிருக்கும் ஊரில் பிரிமிஃபோஸ்-மெத்தில் அடிக்கத் திட்டமிட்டால், கொஞ்சம் பொறுங்கள் என்பேன். காம்பியேயில் கேடிஆர் 95 சதவீதம் என்று ஒருவர் அறிக்கை கொடுத்தால், அதை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது என்பேன். இன்னொரு குறை, சோதனை நாம் தேடுவதை மட்டும்தான் காட்டும். புர்கினா ஃபாசோவின் கொலுசியில் அதே சோடியம் வாயிலில் 402, 1527 ஆகிய வேறு இரண்டு இடங்களில் மாற்றங்கள் சேர்ந்து வந்து, பழைய கேடிஆரை ஒதுக்கிக்கொண்டு பெருகின. 995ஐ மட்டும் பார்க்கும் சோதனைக்கு அந்தக் கொசு எதிர்ப்பற்றதாகத் தெரியும். ஃபுனெஸ்டஸுக்குக் கேடிஆரே கிடையாது என்று நாங்கள் எல்லோரும் பல ஆண்டுகள் எழுதிக்கொண்டிருந்தோம். அண்மையில் தான்சானியாவின் மோரோகோரோ பகுதியில் அது கிடைத்தது, பைரித்ராய்டுக்கு அல்ல, டிடிடிக்கு எதிராக. இதனால்தான் இன்று குறிப்பிட்ட மரபணுவைச் சோதிப்பதோடு, கொஞ்சம் கொசுக்களையாவது முழு ஜீனோமாகப் படிக்க வேண்டும் என்கிறோம். எது பரவுகிறது என்று முன்கூட்டித் தெரியாமலே, வேறுபாடு துடைக்கப்பட்ட இடங்களைப் பார்த்து எங்கோ ஏதோ நடக்கிறது என்று கண்டுபிடிக்கலாம். அதோடு குழாய்ச் சோதனையையும் விடக் கூடாது. மரபணு முன்னெச்சரிக்கை தரும். கொசு சாகிறதா என்று கொசுவிடம்தான் கேட்க வேண்டும்.

நம் பக்கம் பற்றி. ஆம், இங்கும் உண்டு, ஆனால் கொசு வேறு, கதை வேறு. இந்தியக் கிராமப்புறத்தின் முதன்மைக் கடத்தி அனாபிலிஸ் குலிசிஃபேசிஸ். நாட்டின் பல பகுதிகளில் அது டிடிடி, மாலத்தியான், பைரித்ராய்டு மூன்றுக்கும் எதிர்ப்புக் காட்டுகிறது, கேடிஆர் மாற்றமும் அதில் பதிவாகியிருக்கிறது. இலங்கையில் கிடைத்த சான்று பாடப்புத்தகத்தில் சேர்க்கத் தக்கது. அங்கே 1970களின் நடுவில் டிடிடிக்குப் பதில் மாலத்தியான் வந்தது. அதை மலேரியா ஒழிப்புக்கு மட்டும் ஒதுக்கி, விவசாயத்தில் பயன்படுத்தவிடாமல் வைத்தார்கள். பின்னர் சோதித்தபோது, ஆற்றுப்படுகைக் குட்டைகளில் வளரும் குலிசிஃபேசிஸ் மாலத்தியானை மட்டும் உடைக்கும் கார்பாக்சில்எஸ்டரேஸ் நொதியால் தப்பிக்கொண்டிருந்தது. நெல்வயலில் வளரும் அனாபிலிஸ் நைகெரிமஸோ பலவகை ஆர்கனோபாஸ்பேட்டுகளுக்கும் கார்பமேட்டுகளுக்கும் ஒருசேர எதிர்ப்புக் காட்டியது. அது வயலில் அடித்த மருந்துகளின் தடம். எந்த மருந்து எந்தக் கொசுவைத் தேர்ந்தெடுத்தது என்று இவ்வளவு சுத்தமாகப் பிரிந்து தெரிவது அபூர்வம். எதிர்ப்பு இருந்தும் இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடு என்ற சான்று பெற்றது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நோயாளியைத் தேடிக் கண்டுபிடித்துச் சிகிச்சை தருவதில் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. அதே ஆண்டின் இறுதியில்தான் மன்னாரில் அனாபிலிஸ் ஸ்டீபன்சி கிடைத்தது. சென்னையின் மேல்நிலைத் தொட்டிகளில் வளர்ந்து நகர மலேரியாவைப் பரப்பிவந்த கொசு அது. 2012இல் ஜிபூட்டியிலும் பிறகு எத்தியோப்பியாவிலும் காலூன்றிய அதே இனம், பைரித்ராய்டு உட்படப் பல மருந்துகளுக்கு எதிர்ப்பை ஏற்கெனவே வைத்துக்கொண்டுதான் அங்கே திரிகிறது.